பேனைக் கட்டை வெடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பேனையின் உடலாகக் கடைய எடுத்த கட்டை வெடித்தால் கடைசல் மெஷினை நிறுத்திவிட்டு முதலில் துண்டுகளைப் பொறுக்குங்கள். ஒன்றையும் கூட்டித் தள்ளவேண்டாம். என்ன பிழை நடந்தது என்று சொல்ல அந்தத் துண்டுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

வேலையின் ஒழுங்கு இதுதான்: கட்டையில் நீளவாக்கில் துளையிட்டு, அதற்குள் பித்தளைக் குழாயை ஒட்டி, முனையை மட்டம் செய்து, மெஷினில் சுற்றவிட்டு உளியால் கடைந்து, மினுக்கி, கடைசியில் பென் கிட்டில் வரும் மற்றப் பேனைப் பாகங்களைக் குழாய்க்குள் அழுத்திப் பொருத்துவது. தேக்கிலோ வேம்பிலோ பேனை கடையும்போது பிழை விட்ட இடத்திலேயே பிழை தெரிந்துவிடும். ரெசின் (வார்த்து இறுகவைக்கும் பிளாஸ்டிக்), கொம்பு, எலும்பு, சிரட்டை, கருங்காலி போன்ற நொறுங்கும் பொருட்களில் அப்படி நடப்பதில்லை. துளையிடும்போது பட்ட சூடு, பேனையைப் பொருத்தும்போதுதான் வெடிப்பாக வெளியே வரும். குழாய் ஒட்டும்போது விட்ட வெற்றிடம், கடையும்போது துண்டாகப் பறக்கும். வெடித்த நேரத்தில் கையில் இருந்த உளியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு படி, இரண்டு படி பின்னால் போய்த் தேடவேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியையும் அப்படித்தான் பின்னோக்கிப் பார்க்கிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த வேலையில் இறங்கும் இளம் பிள்ளைகளுக்கு ஒரு கட்டை உடைவது பெரிய இழப்பு. பென் கிட்டும் பித்தளைக் குழாயும் வெளியிலிருந்து தபாலில் வரவேண்டும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கையில் இருப்பது என்ன பொருள்?

இதற்குப் பதில் தெரியாமல் எந்த அறிகுறியையும் சரியாக வாசிக்க முடியாது. வாழைச்சேனையிலும் கல்முனையிலும் பைபர் வள்ளம் திருத்துபவர்கள் பாவிக்கும் ரெசின் பொலியெஸ்டர் வகை. வள்ளத்தில் அதற்குப் பலம் கொடுப்பது உள்ளே படிந்திருக்கும் கண்ணாடி நார். நார் இல்லாமல் ரெசினை மட்டும் அச்சில் வார்த்துக் கட்டையாக எடுத்தால் பளபளப்பு நன்றாக வரும், ஆனால் சுலபமாகத் தெறிக்கும். எபொக்சி என்ற மற்ற வகை ரெசின் அவ்வளவு தெறிக்காது. அக்ரிலிக் தெறிப்பதைவிடச் சூட்டில் இளகுவதுதான் அதிகம், சுமார் 100 பாகை செல்சியசில் அது தன் உறுதியை இழந்துவிடும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பட்டிகளில் கிடைக்கும் எருமைக் கொம்பு, நகமும் மயிரும் ஆன அதே கெராட்டின்தான். வெங்காயத்தைப் போலப் படைபடையாக வளர்ந்தது. காய்ந்தால் படை விடும். சிரட்டை வளைந்திருப்பதால் முழுக் கட்டையாக வராது. சிறு துண்டுகளாக வெட்டி ரெசினில் பதித்துத்தான் எடுக்கவேண்டும். கருங்காலியில் பழைய தளபாடத்தின் கால், சட்டம் என்று கிடைப்பதை மட்டும் பாவியுங்கள். புதிதாக வெட்டிய மரத்தின் பக்கம் போகவேண்டாம். மான் கொம்பு, ஆமை ஓடு, தந்தம் எதையும் யாராவது கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள். அவை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விடயங்கள். எருமைக் கொம்பிலேயே கறுப்பும் சாம்பலும் தேன் நிறமுமாக எத்தனையோ அழகு இருக்கிறது.

ட்ரில் பிட் வெளியே வரும் நேரத்தில் அடிப்பக்கம் சிதறுகிறது

இது சுலபமான பிழை. கடைசி சில மில்லிமீற்றரில் பிட்டின் முன்னால் இருப்பது மெல்லிய தட்டு மட்டுந்தான். பிட் அதை வெட்டாமல் தள்ளுகிறது, தட்டு பெயர்ந்து விழுகிறது. கட்டையைக் குழாயின் நீளத்தைவிட 10, 15 மில்லிமீற்றர் கூடுதலாக வெட்டுங்கள். துளை மறுபக்கம் வரமுதல் நிறுத்திவிட்டு, மூடியிருக்கும் முனையை வாளால் அறுத்துத் துளையைத் திறவுங்கள். நீளம் போதாது என்றால் முனையில் ஒரு மரத்துண்டை ஒட்டிவிட்டு அதற்குள் பிட்டை இறக்குங்கள். அவ்வளவுதான்.

துளையிடும்போதே நடுவில் பிளக்கிறது

இங்கே காரணம் பெரும்பாலும் சூடு. சூட்டுக்குக் காரணம், வெளியே வராமல் பிட்டின் பள்ளத்தில் அடைபட்ட தூள்.

பொறுக்கிய துண்டைக் கையில் எடுத்துத் துளையின் உட்சுவரைப் பாருங்கள். ரெசினாக இருந்தால், நல்ல துளையின் சுவர் சீராக மங்கி இருக்கும். சூடு பட்ட துளையில் ஆழத்துக்குப் போகப் போக வெள்ளை வளையங்கள் தெரியும். அக்ரிலிக் என்றால் சுவரில் இளகி மறுபடி இறுகிய பிசிறு ஒட்டியிருக்கும். கொம்பு என்றால் பார்க்கவே தேவையில்லை, மயிர் பொசுங்கிய மணம் பட்டறை முழுக்க நின்றுவிடும். இவை ஒன்றுமில்லாமல் சுவர் சுத்தமாக இருந்து கட்டை மட்டும் பிளந்திருந்தால், பிட் ஓரிடத்தில் கொழுவி இழுத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சூடு என்றால்: வேகத்தை நிமிடத்துக்கு 500 சுற்று அளவுக்குக் குறையுங்கள். ஒவ்வொரு 5 மில்லிமீற்றருக்கும் பிட்டை முழுதாக வெளியே எடுத்துத் தூளைத் துலக்குங்கள். முழுதாக என்பது முக்கியம். பாதி எடுத்துத் திரும்ப இறக்கினால் தூள் இன்னும் இறுகும். பிட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். ரெசினுக்கும் அக்ரிலிக்குக்கும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரைத் தெளிப்பானால் கொஞ்சமாகத் துளைக்குள் அடிக்கலாம். மோட்டர் பக்கம் தெறிக்காமல் பார்க்கவேண்டும். மரத்துக்கும் கொம்புக்கும் தண்ணீர் வேண்டாம், நேரம் கொடுத்தாலே போதும்.

கொழுவி இழுத்தது என்றால்: புது பிட்டின் வெட்டும் விளிம்பு மரத்துக்கும் இரும்புக்கும் ஏற்றபடி முன்னால் சாய்ந்து தீட்டப்பட்டிருக்கும். அக்ரிலிக்கில் அது திருகாணி மாதிரித் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். பித்தளையில் துளையிடும் பழைய கைவினைஞர்கள் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். சாணைக் கல்லால் அந்த விளிம்பின் முன்சாய்வை மட்டும் இலேசாகத் தட்டையாக்கிவிட்டால் பிட் இழுக்காது, சுரண்டிக்கொண்டு போகும். இந்த வேலைக்கென்று ஒரு 7 மில்லிமீற்றர் பிட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நுழைந்த குழாய் இன்று நுழையவில்லை

இதுவும் சூட்டின் மிச்சம்தான். சூடேறிய கட்டை விரிந்திருக்கும்போது போட்ட துளை, ஆறியதும் சுருங்கும். குழாயைத் தட்டி இறக்கவே கூடாது. அந்த நேரம் வெடிக்காவிட்டாலும் பொருத்தும்போது வெடிக்கும். ஒரு மெல்லிய குச்சியில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் துளைக்குள் விட்டு உருட்டுங்கள். குழாய் தன் பாரத்தில் தானாக வழுக்கி இறங்கவேண்டும். அந்தத் தளர்வு பிழையில்லை, பசை நிற்க இடம் வேண்டும்.

துளையிட்டு வைத்த கட்டையில் மயிரிழை வெடிப்பு

உங்கள் கை படாமலே வெடித்தது இது. பொருளைப் பொறுத்துக் காரணம் மாறும்.

மரமும் கொம்பும் என்றால் எங்கள் காற்றைத்தான் பார்க்கவேண்டும். கார்த்திகை, மார்கழியில் மழைக்குள் வாங்கி வைத்த கட்டை ஈரத்தைக் குடித்திருக்கும். கச்சான் என்று நாங்கள் சொல்லும் சூடான வரண்ட காற்று எழும்பி, ஓலைக் கிடுகைக்கூட முறுக்கும் நாட்களில் அதே கட்டை ஈரத்தை வேகமாக விடும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்பக்கம் இடம் கொடுக்காது, அதனால் வெளித்தோல் வெடிக்கும். கருங்காலி இதில் மிகவும் பொல்லாதது. கட்டை வாங்கிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகைத் தடவிவிடுங்கள். முனையால்தான் ஈரம் வேகமாகப் போகும். துளையிட்ட பிறகு உடனே குழாயை ஒட்டாமல், மூடிய பெட்டிக்குள் சில நாள் வைத்திருங்கள். வெடிக்க இருப்பது அங்கேயே வெடித்துவிடும். அப்படி வெடித்தால் ஒரு கட்டைதான் நட்டம், குழாயும் கிட்டும் மிஞ்சும். கச்சான் காலத்தில் கட்டையை யன்னலோரத்தில் வைப்பதையும் மின்விசிறிக்கு நேரே வைப்பதையும் தவிருங்கள்.

நீங்களே வார்த்த ரெசின் என்றால், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர் கூடியிருக்கிறது. பொலியெஸ்டருக்கு நிறையில் 1 முதல் 2 வீதம் ஹார்ட்னர் என்பது பொது அளவு. வள்ளக்காரர் மெல்லிய பூச்சாகப் பூசுவதால் கூடினாலும் சூடு காற்றில் போய்விடும். அச்சில் தடிப்பாக வார்க்கும்போது சூடு உள்ளேயே நிற்கும். எங்கள் வெக்கைக்கு 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம் ஹார்ட்னரில் தொடங்குங்கள். கண்மட்டமாக ஊற்றவேண்டாம், சிறு தராசு அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச் வைத்து அளந்துகொள்ளுங்கள். தடிப்பான கட்டையை இரண்டு மூன்று படையாக, ஒன்று கட்டியாகி ஆறிய பின் அடுத்தது என்று வார்க்கலாம். வெயில் ஏறமுதல் காலையில் வார்ப்பது நல்லது. இறுகிவிட்டது என்று கை சொன்னாலும் உள்ளே இறுகுவது நடந்துகொண்டே இருக்கும், சுருக்கமும் கூடவே நடக்கும். ஒரு கிழமையாவது விட்டுத் துளையிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரெசினோடு கோபால்ட் எனப்படும் துரிதப்படுத்தும் திரவத்தையும் சில கடைகளில் தனிப் போத்தலில் தருவார்கள். அதையும் ஹார்ட்னரையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். துரிதப்படுத்தியை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர் போத்தலைத் திறக்கவேண்டும். பெரும்பாலும் அது ரெசினில் ஏற்கெனவே கலந்தே வரும். கடைக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வார்ப்பின் மேல்பக்கம் மட்டும் பிசுபிசுப்பாக இருந்தால் அதற்காகப் பதறவேண்டாம். காற்றுப் படும் பொலியெஸ்டர் முகம் அப்படித்தான் நிற்கும். எப்படியும் கடைந்து போகப்போகிற பகுதி அது.

ஒட்டிய கட்டையைத் தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது

இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். குழாய் ஒட்டி இறுகிய கட்டையை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, ஒரு மெல்லிய கம்பியால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். பசை நிறைந்த இடத்தில் சத்தம் இறுக்கமாகக் கேட்கும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் தளர்ந்தால் அங்கே பசையில்லை. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். கடையும்போது துண்டு பறப்பது பெரும்பாலும் அந்தக் குறிக்குள்தான்.

காரணம் பசைத் தெரிவு. பலரும் சூப்பர் குளூவில் ஒட்டுகிறார்கள். சூப்பர் குளூ இறுகுவது ஈரத்தால். வாவிக்கரைக் காற்றில், அதுவும் மழை நாட்களில், குழாய் பாதி போகமுதலே பிடித்துவிடும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது. ஒருவேளை போய்ச் சேர்ந்தாலும் பசை முழுச் சுவரிலும் பரவியிருக்காது. நொறுங்கும் பொருளுக்கு எபொக்சிப் பசைதான் என் தெரிவு. அரல்டைட் வகையில் மெதுவாக இறுகுவதை வாங்குங்கள். அது இடைவெளியை நிரப்பும், இறுகிய பிறகும் கொஞ்சம் நெகிழ்வாக நிற்கும்.

குழாயின் வெளிப்பக்கத்தை 150 இலக்கச் சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகுமட்டும் குறுக்குமறுக்காகத் தேயுங்கள். குழாயின் இரண்டு வாயையும் மெழுகால் அடையுங்கள், இல்லாவிட்டால் பசை உள்ளே போகும். துளையின் உட்சுவரிலும் குழாயிலும் எபொக்சி தடவி, குழாயைத் திருகித் திருகி இறக்குங்கள். பாதிவரை போய், வெளியே எடுத்து, மறுமுனையால் ஒருதரம் விட்டு எடுத்தால் பசை எங்கும் பரவும். ஒளி ஊடுருவும் ரெசின் என்றால் ஒட்டமுதல் துளையின் உட்சுவருக்கு ஒத்த நிறப் பெயின்ட் அடித்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பித்தளையும் பசைக் குமிழியும் கடைசியில் பேனையில் தெரியும்.

வெற்றுச் சத்தம் வந்தால் அந்தக் கட்டையை எறியவேண்டியதில்லை. முனையில் இடைவெளி தெரிந்தால் தண்ணீர் மாதிரியான மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டு சொட்டாக விட்டு, அது இறங்கக் கட்டையை நிமிர்த்தி வையுங்கள். நடுவில் என்றால் அந்த இடத்தை மிக மெல்லிய வெட்டில் கடைவதைத் தவிர வழியில்லை.

முனையை மட்டம் செய்யும்போது ஓரம் பெயர்கிறது

கிட்டோடு விற்கும் முனைவெட்டி மரத்துக்கு நல்லது. நொறுங்கும் பொருளில் அதன் ஒவ்வொரு பல்லும் ஓரத்தை அடிக்கிறது. அதை விட்டுவிட்டு, தட்டையான பலகையில் சாண்ட் பேப்பரை ஒட்டி, கட்டை செங்குத்தாக நிற்கும்படி ஒரு தாங்கி செய்து தேயுங்கள். பித்தளையின் வளையம் முழுதாகப் பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் குழாய் குட்டையாகிவிடும்.

கடையும்போது துண்டு பறக்கிறது

அதிகம் பேர் கேட்கும் அறிகுறி இதுதான். களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒரு தம்பி உடைந்த கட்டையை மேசையில் வைத்து, "அண்ணன், நான் மெதுவாத்தானே உளியை அமத்தினேன்" என்றார். கட்டையைத் திருப்பிப் பார்த்தோம். துண்டு பெயர்ந்த பள்ளத்தின் அடியில் பித்தளை மினுங்கிக்கொண்டிருந்தது, ஒரு பொட்டுப் பசைகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. அவருடைய கையில் பிழையில்லை. "மறுகா எப்பிடி ஒட்டுற?" என்று கேட்டார். பிறகு எபொக்சியில் ஒட்டிக் கடைந்தார், கட்டை நின்றது.

எனவே முதல் கேள்வி: பள்ளத்தின் அடியில் தெரிவது என்ன? வெறும் பித்தளை என்றால் மேலே பசைப் பகுதிக்குப் போங்கள். பசை படிந்திருந்து பொருள் மட்டும் கிழிந்திருந்தால், அல்லது பள்ளம் குழாய்வரை போகாமல் மேலோடு நின்றிருந்தால், அப்போதுதான் உளியைச் சந்தேகிக்கவேண்டும்.

உளி என்றால் இவற்றைப் பாருங்கள். கட்டை சதுரமாக இருந்தபோதா பறந்தது? சதுரக் கட்டையின் நான்கு மூலையும் ஒவ்வொரு சுற்றிலும் உளியில் வந்து அடிக்கும். மெஷினில் ஏற்றமுதல் மூலைகளை வாளால் சீவியோ சாண்ட் பேப்பர்ச் சில்லில் தேய்த்தோ எட்டுப்பட்டையாக்கிவிடுங்கள். இந்த ஒரு வேலை பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

வட்டமான பிறகு பறந்ததா? வேகம் குறைவாக இருக்கலாம். மெதுவாகச் சுற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். துளையிடுவதற்கு அது சரி, கடைவதற்கு நேர்மாறு. மெதுவாகச் சுற்றும்போது உளி ஒவ்வொரு சுற்றிலும் தடிப்பான துண்டைக் கடிக்கும். 2000க்கு மேல், கட்டை ஆட்டமில்லாமல் ஓடினால் 2500, 3000 சுற்றில் மிக மெல்லியதாக எடுங்கள். மின்சாரம் தாழ்ந்து மெஷின் திணறும் பின்னேரங்களில் இந்தக் கட்டைகளைத் தொடவேண்டாம். வேகம் தானாக விழும் நேரத்தில் உளி கடித்துவிடும்.

உளியின் கோணம் அடுத்தது. நொறுங்கும் பொருளுக்கு எதிர்ச்சாய்வுச் சுரண்டி என்று சொல்லும் உளி நல்லது. அதன் மேல்முகமும் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கடித்து இழுக்காது. வட்டக் காபைட் தகடு பூட்டிய உளி வைத்திருப்பவர்கள் அதைத் தட்டையாகப் பிடிக்காமல் சுமார் 45 பாகை சரித்துப் பிடியுங்கள். தகட்டின் ஒரு இடம் மழுங்கினால் திருப்பிப் பூட்டத் தயங்கவேண்டாம். மழுங்கிய உளி வெட்டாது, அழுத்தும். அழுத்தம்தான் தெறிக்கவைக்கிறது.

வெட்டும் திசையையும் கவனியுங்கள். முனையிலிருந்து நடுவை நோக்கி வெட்டவேண்டும். நடுவிலிருந்து முனைக்கு ஓட்டிக்கொண்டு போய் வெளியே விட்டால், ஓரத்துக்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லாமல் பெயர்ந்துவிடும்.

நன்றாக வெட்டுகிறதா என்று சீவலே சொல்லும். அக்ரிலிக்கும் எபொக்சியும் நீள நாடாவாக வரவேண்டும். பொலியெஸ்டர் குறுநாடாவாகவாவது வரவேண்டும். கரகரப்பான குறுணியாகக் கொட்டினால் உளியைத் தீட்டுங்கள். காதையும் கொடுங்கள். சீரான இரைச்சலுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் ஏதோ பெயரத் தொடங்கிவிட்டது. உடனே நிறுத்தி, விரலால் கட்டையைத் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து மெல்லிய சூப்பர் குளூ விட்டு இறுகவிடுங்கள். இந்தச் சத்தத்தைக் கேட்டும் "இன்னும் கொஞ்சந்தானே" என்று தொடர்ந்தால் கட்டை போய்விடும்.

கொம்பில் படை எழும்பினாலும் இதே மருந்துதான், ஆனால் அடிக்கடி போடவேண்டிவரும். சிரட்டை பதித்த ரெசினில் சிரட்டை கடினம், ரெசின் அதைவிட மென்மை. உளி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும் ஒவ்வொரு எல்லையிலும் அடி விழும். அதில் கடைசி அரை மில்லிமீற்றரை உளியால் எடுக்காமல் சாண்ட் பேப்பரால் கொண்டுவருவதே நல்லது.

தவறாமல் முகத்தை மூடும் ஃபேஸ் ஷீல்ட் போடுங்கள். ரெசின் துண்டு கண்ணாடிச் சில்லின் கூர்மையோடு வரும். கொம்பு, எலும்பு, சிரட்டைத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. துணி முகக்கவசம் போதாது, தூளுக்கான வடிகட்டி உள்ளதைப் போடுங்கள்.

தேய்த்து மினுக்கும்போது நுண்ணிய வெடிப்புகள் படர்கின்றன

கடைந்து முடித்து, அழகாக வந்துவிட்டது என்று நினைக்கும்போது வரும் ஏமாற்றம் இது. ஒன்று, காய்ந்த சாண்ட் பேப்பரை ஓரிடத்தில் பிடித்துச் சூடாக்கியிருப்பீர்கள். சூட்டில் பித்தளையைவிட ரெசின் பல மடங்கு அதிகமாக விரியும், ஆறும்போது குழாயை இறுக்கும், அந்த இழுவிசையில் வெடிக்கும். 400 இலக்கத்திலிருந்து மேலே எல்லாவற்றையும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கொம்புக்கும் மரத்துக்கும் காய்ந்த தாள்தான், ஆனால் வேகத்தைக் குறைத்து, கையை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்.

மற்றது துடைக்கும் திரவம். அக்ரிலிக்கைத் தின்னராலோ ஸ்பிரிட்டாலோ துடைத்தால், உள்ளே இழுவிசை இருக்கும் இடமெல்லாம் நுண்வெடிப்பாகக் கிளம்பும். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

பொருத்தும்போது 'டிக்' என்று வெடிக்கிறது

எல்லா வேலையும் முடிந்து கடைசி அழுத்தத்தில் போவது. இது நடந்தால் வரும் கவலை எனக்குத் தெரியும், ஆனால் பொதுவாக இதுதான் மிகத் தெளிவாகத் தடுக்கக்கூடிய வெடிப்பு.

மெல்லிய வகைப் பேனையில் முனைக்குப் பக்கத்தில் குழாயைச் சுற்றி நிற்கும் பொருளின் தடிப்பு அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. குழாய் ஒரு நூல் விரிந்தாலும் அது தாங்காது. குழாயை விரிக்கும் விடயங்கள் மூன்று. உள்ளே படிந்த பசை, குழாயின் வாயில் மிஞ்சிய பிசிறு, கோணலாக இறங்கும் கிட் பாகம்.

குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். பசைப் பொட்டு இருந்தால் கூர்க்கத்தியால் சுரண்டி எடுங்கள். வட்ட அரத்தால் வாயின் உள்விளிம்பை இலேசாகச் சரித்துவிடுங்கள். பிறகு கிட் பாகத்தைக் கையால் வைத்துப் பாருங்கள். தொடக்கத்திலாவது கையால் நேராக நிற்கவேண்டும். நிற்காமல் மிகவும் இறுக்கமாக இருந்தால் குழாயின் உட்சுவரைக் கொஞ்சம் தேய்த்துத் தளர்த்தி, பாகத்தை ஒரு சொட்டு எபொக்சியில் இருத்துங்கள். நொறுங்கும் கட்டையில் அழுத்தத்தை நம்புவதைவிடப் பசையை நம்புவது பாதுகாப்பு.

அழுத்துவதற்குச் சுத்தியல் கூடவே கூடாது. வைஸ் எனும் பிடிகருவியின் இரண்டு தாடைக்கும் மரத்துண்டு வைத்து, கால் சுற்று, நிறுத்தம், நேராக இருக்கிறதா என்று பார்வை, மறுபடி கால் சுற்று. கட்டையைத் தேய்த்த அன்றே பொருத்தாமல் ஒரு இரவு ஆறவிட்டுப் பொருத்துங்கள்.

இவ்வளவு கவனித்தும் வெடித்தால் வெடிப்பின் நீளத்தைப் பாருங்கள். முனையில் மட்டும் குட்டையாக இருந்தால் குற்றம் பொருத்தியதில். முனையிலிருந்து முனைவரை நீளமாக ஓடினால் கட்டை ஏற்கெனவே உள்ளே இழுவிசையோடு இருந்திருக்கிறது. துளையிட்ட நாளுக்குத் திரும்பிப் போங்கள்.

வாங்கியவர் சில மாதத்தில் வெடித்த பேனையோடு வருகிறார்

எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓட்டோவின் முன்தட்டு, மோட்டார் சைக்கிளின் பெட்டி, வெயில் படும் மேசை. கொம்பும் கருங்காலியும் கச்சானில் வெடித்திருந்தால், மேற்பூச்சுப் போதாது என்று அர்த்தம். மெல்லிய சூப்பர் குளூவைப் பல படையாகப் பூசி, முனைகளையும் மறக்காமல் மூடினால் ஈரம் உள்ளே வெளியே போவது மிகவும் குறையும். விற்கும்போதே வெயிலில் வைக்கவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

உடைந்ததில் எதைக் காப்பாற்றலாம்

பறந்த துண்டு கிடைத்தால், முறிவு முகத்தைத் தொடாமல், துடைக்காமல், அதே இடத்தில் பொருத்தி மெல்லிய சூப்பர் குளூ விடுங்கள். நொறுங்கும் பொருளின் முறிவு சுத்தமாக இருப்பதால் பெரும்பாலும் கோடே தெரியாமல் உட்காரும். துண்டு கிடைக்கவில்லை என்றால், அதே கட்டையின் தூளைப் பள்ளத்தில் நிரப்பிப் பசை விடலாம். கொம்பிலும் கருங்காலியிலும் இது நன்றாக மறையும், ஒளி ஊடுருவும் ரெசினில் மறையாது. பொருத்திய பின் நீளவாக்கில் பிளந்த கட்டையைத் திருத்த முனையாதீர்கள். கிட் பாகங்களை உள்ளேயிருந்து ஒரு கம்பியால் தட்டிக் கழற்றி எடுத்து, புதுக் குழாயில் தொடங்குங்கள். பித்தளைக் குழாய் தனியாகவும் வாங்கலாம், கிட்டோடு சேர்த்துச் சில உபரிக் குழாய்களையும் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய கொம்பு, சிரட்டைத் துண்டுகளை அடுத்த ரெசின் வார்ப்பில் போடலாம். போடமுதல் சவர்க்காரத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். எண்ணெயோ ஈரமோ நின்ற துண்டில் ரெசின் பிடிக்காது. அடுத்தமுறை கடையும்போது முதலில் பெயர்வது அந்தத் துண்டாகத்தான் இருக்கும்.